ஓமோனியே என்று ஒரு உத்தியோகம்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒரே பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்த காரைக்கால் நண்பர், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். மரைக்காயர் குடும்பம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. என்னை அவர் மட்டும் ‘முசியே’ என்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்ற கேலி அதில் பாதி, பிரியம் பாதி. நான் பென்ஷன் வாங்கி வருஷங்கள் ஆன பிறகும் அந்த முசியே மாறவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளிவிடுவார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பத்து நாள் நான் தினமும் போனேன். அகவிலைப்படி நிலுவை, பழைய மேலதிகாரிகளின் அசட்டுத்தனம், கடற்கரையில் மேரி கட்டடத்தைத் திரும்பக் கட்டிய கதை என்று பேசிப் பேசிக் கலகலப்பாக்கப் பார்த்தேன். அவர் மகன் ஒரு ஆலிமையும் அழைத்து வந்தான். சிறுநீர்ப் பை மாட்டியிருப்பதால் தொழ முடியவில்லையே என்று அவர் ஏங்குகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆலிம் நல்ல மனிதர். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒளு செய்து, அது முடியாவிட்டால் தயம்மும் செய்து, படுத்தபடியே தொழலாம் என்று விளக்கிவிட்டு துஆ ஓதிவிட்டுப் போனார். நண்பர் தலையை ஆட்டினார். மறுநாளும் சுவர்ப் பக்கம்தான் திரும்பியிருந்தார்.

பதினோராம் நாள் பிரான்சிலிருந்து அவர் பேத்தி வந்து சேர்ந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி. நம் ஊர் சொல்தா குடும்பம் ஒன்றில் மகளைக் கொடுத்திருந்தார்; பெண் பிறந்து வளர்ந்தது ஸ்ட்ராஸ்பூர்கில். வந்தவள் முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்குக் கொஞ்சம் கீழாக இருக்கும்படி உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. பிறகு கேட்டாள்: “நன்னா, இங்க வந்ததுலேர்ந்து எதை விட்டுட்டோம்னு ரொம்ப இருக்கு?” (அம்மாவைப் பெற்ற பாட்டனை அவர்கள் வீட்டில் அப்படித்தான் அழைப்பார்கள்.)

“ஃபஜ்ரு,” என்றார்.

அவள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. காத்திருந்தாள். சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார். ஐந்து வயதில் வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இருட்டில் பள்ளிவாசலுக்குப் போனது, அந்த விரலில் இருந்த மோதிரம் உள்ளங்கையில் குத்தும் என்பது, எல்லாம். “சட்டம் எனக்குத் தெரியும்மா. சின்ன வயசுலயே ஓதினதுதான். ஆனா வாப்பா விரலைப் பிடிச்சிக்கிட்டுப் போன எடத்துக்கு இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு நான் எப்படிப் போவேன்?” என்று சொல்லி அழுதார். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழவிட்டாள். அதற்கப்புறம்தான், ஆலிம் சொன்ன அதே சட்டத்தை அவள் சொன்னாள். அன்று இரவு அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

வராந்தாவில் அவளிடம், “நீ என்னம்மா படிச்சிருக்கே?” என்று கேட்டேன். பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியவியல் படித்தாளாம். கூடவே நோயாளிகளுக்கு ஆன்மத் துணையாக இருப்பதற்கும் ஆற்றுப்படுத்துவதற்கும் தனிப் பயிற்சி. இப்போது ஒரு மருத்துவமனையில் ‘ஓமோனியே’. பெண் என்பதால் ‘ஓமோனியேர்’. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். “பக்கத்துல உக்காந்து அழவிடறதையெல்லாமா காலேஜ்ல படிப்பாங்க?” என்றார். அவர் கேட்டது கேலியாக. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி தங்கிவிட்டது. ஆலிமுக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சட்டம் ஒன்றே. மிச்சத்தை அவள் எங்கே கற்றாள்? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு நண்பரிடம் அப்போதே அனுமதி வாங்கினேன். “பேரைப் போடாதீரும் முசியே, மத்தபடி எழுதும்” என்றார்.

முதலில் சொற்கள். ஓமோனியே என்ற சொல் ‘ஓமோன்’ என்பதிலிருந்து வந்தது. ஓமோன் என்றால் பிச்சை, தருமம். அரசர்களின் தருமத்தைப் பங்கிட்டுக் கொடுத்த குருவுக்கு வந்த பெயர், பிறகு பட்டாளம், சிறை, மருத்துவமனை ஆகியவற்றில் இருக்கும் குருவுக்கு ஆனது. ஆங்கிலத்தில் சாப்ளின் என்கிறார்களே, அது தூர் நகரத்துப் புனித மார்ட்டின் பிச்சைக்காரனுக்குப் பாதி கிழித்துக் கொடுத்த மேலங்கியிலிருந்து பிறந்தது. அந்த அங்கியைக் காத்தவர்களுக்கு வந்த பெயர் அது. பாஸ்டர் என்பது லத்தீனில் ஆட்டிடையன். நம் கிறிஸ்தவ நண்பர்கள் ‘மேய்ப்புப் பணி’ என்று சொல்வது அதனால்தான். ஆக மூன்றுமே கிறிஸ்தவ வீட்டில் பிறந்த சொற்கள். ஒரு முஸ்லிம் பெண் அந்தப் பெயரோடு வேலை பார்க்கிறாள் என்றால் நடுவில் ஒரு கதை இருக்க வேண்டும்.

கதையை நான் 1095ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியராக இருந்தவர் அபூ ஹாமித் அல் கஸ்ஸாலி. நம் ஊர் முஸ்லிம் பெரியவர்கள் இமாம் கஸ்ஸாலி என்று மரியாதையோடு சொல்வார்களே, அவர்தான். வயது முப்பத்தேழு இருக்கும். நூற்றுக்கணக்கான மாணவர்கள், சுல்தானின் ஆதரவு, சட்டத்திலும் தர்க்கத்திலும் எதிர்நிற்க ஆளில்லை. ஒரு நாள் வகுப்பெடுக்க வாய் திறந்தார், சொல் வரவில்லை. நாக்கு கட்டிப்போய்விட்டது. சோறு இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடம்புக்குப் பரவியது, உள்ளிருக்கும் பாரம் இறங்கினால்தான் குணமாகும் என்று கையை விரித்துவிட்டார்கள். அவர் பதவியை விட்டு, குடும்பத்துக்கு வழி செய்துவிட்டு, டமாஸ்கஸ், ஜெருசலேம் என்று அலைந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி பாடம் சொல்லப் போனார். இத்தனையையும் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார். மார்க்கத்தை அணு அணுவாக அறிந்த ஒருவருக்கு அந்த அறிவு ஒரு கட்டத்தில் போதவில்லை என்பதை அவர் வாக்குமூலமாகவே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் குறிப்பைப் பாரிசில் 1842இல் ஷ்மோல்டர்ஸ் என்ற அறிஞர் பிரெஞ்சில் வெளியிட்டார். அந்தப் பிரெஞ்சுப் பிரதியைப் படித்த அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், சமய அனுபவங்களைப் பற்றி 1902இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் கஸ்ஸாலியின் அனுபவத்தை நீளமாக எடுத்துச் சேர்த்தார். நான் படித்த பிரெஞ்சு மொழி இப்படி ஒரு பாலமாக இருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பள்ளியில் எங்களுக்கு வோல்தேரும் ரசீனும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

ஜேம்ஸின் அந்த நூல் ஒரு தலைமுறையையே கிளறிவிட்டது. இறைவனைப் பற்றிய கோட்பாட்டைப் படிப்பது இருக்கட்டும், மனிதனுக்குள் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிளம்பினார்கள். அந்த வழியில் வந்தவர்களில் ஒருவர் ஆண்டன் பாய்சன். விசித்திரமான மனிதர். மொழி ஆசிரியராக இருந்தார், பிறகு காட்டியல் படித்தார், பிறகு போதகரானார். 1920ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்குச் சித்தம் கலங்கியது. வீட்டார் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். அங்கே அவர் கவனித்தது ஒன்று. போதகர்கள் ஞாயிறு வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போகிறார்கள்; வார்டில் இருப்பவனுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1924இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் போதகராகச் சேர்ந்தார். மறு வருஷம், 1925 கோடையில், இறையியல் மாணவர்கள் நான்கு பேரை அழைத்து வந்து வார்டில் விட்டார். பகலில் ஊழியர்களைப் போல நோயாளிகளோடு இருக்க வேண்டும், மாலையில் கூடிப் பேச வேண்டும். இறையியல் நூல்களைப் படிப்பது போலவே இந்த மனிதர்களையும் படிக்க வேண்டும், இவர்கள் உயிருள்ள ஏடுகள் என்பது அவர் வாதம். மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சி என்று இன்று உலகம் முழுக்க இருப்பதற்கு அந்தக் கோடைதான் விதை. ஒரு காலத்தில் பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்டவர் போட்ட விதை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தப் பயிற்சியில் ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. பாஸ்டனில் மருத்துவர் கேபட்டோடு வேலை செய்த ரஸ்ஸல் டிக்ஸ் என்ற போதகர் கொண்டு வந்தது. நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவுடன், நடந்த பேச்சை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். நோயாளி இதைச் சொன்னார், நான் இதைச் சொன்னேன், அவர் மௌனமாக இருந்தார், நான் இப்படிச் சொன்னேன். கூட்டியும் குறைத்தும் எழுதக் கூடாது. பிறகு அதைச் சக மாணவர்கள் முன் படிக்க வேண்டும். எங்கே நீ அவன் வாயை அடைத்தாய், எங்கே உன் பயத்தை மறைக்கப் பிரார்த்தனைக்குத் தாவினாய் என்று அவர்கள் பிடித்துவிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். எழுத்தில் வந்துவிட்டால் மனிதன் தப்பிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இன்று அமெரிக்காவில் இந்தப் பயிற்சியின் ஒரு கட்டம் என்பது 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி கட்டிலருகே.

இனி இன்னொரு கிளை. ஸ்காட்லாந்துக்காரரான டங்கன் பிளாக் மெக்டொனால்டு 1892இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு இறையியல் கல்லூரிக்கு அரபு முதலான செமிட்டிய மொழிகள் கற்பிக்க வந்தார். முஸ்லிம் நாடுகளுக்குப் போகவிருக்கும் கிறிஸ்தவ ஊழியர்களுக்கு இஸ்லாம் பாடம் சொல்வது அவர் வேலையாயிற்று. மனம் மாற்றப் போகிறவர்களுக்கான படிப்பு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மெக்டொனால்டு வழக்கமான கண்டனப் பாடம் நடத்தவில்லை. அவரையும் கஸ்ஸாலி பிடித்துக்கொண்டார். 1899இலேயே அவருடைய வாழ்வையும் உள்ளனுபவத்தையும் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1909இல் இஸ்லாமியரின் சமய வாழ்வைப் பற்றி எழுதிய நூலிலும் கேள்வி அதுதான்: ஒரு முஸ்லிம் தன் இறைவன் முன் நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? இத்தனைக்கும் முஸ்லிம் நாட்டை அவர் நேரில் பார்த்ததே 1907இல்தான். ஏட்டை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

அவருக்குப் பின் அந்தக் கல்லூரி மெல்ல மாறியது. 1973இல் அவர் பெயரில் இஸ்லாம் ஆய்வுக்கும் கிறிஸ்தவ முஸ்லிம் உறவுக்கும் ஒரு மையம் வந்தது. முஸ்லிம் மாணவர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். இதற்கிடையில் வெளியே தேவை வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சிறைகளில் முஸ்லிம்கள் பெருகினார்கள். ராணுவத்தில் முதல் முஸ்லிம் சாப்ளின் 1993இல் நியமிக்கப்பட்டார். மருத்துவமனைகள் ஆள் கேட்டன. பள்ளிவாசல் இமாமை அழைத்தால் அவருக்குத் திருமறை மனப்பாடம், சட்டம் அத்துபடி. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த தாயின் முன் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. ‘எல்லாம் அவன் நாட்டம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். அந்த வாக்கியத்தில் தவறில்லை. எந்த நேரத்தில் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1998இல் ஹார்ட்ஃபர்டில் ஆசிரியராகச் சேர்ந்த இங்க்ரிட் மாட்சன் இரண்டையும் ஒரே படிப்பில் இணைத்தார். கனடாவில் பிறந்தவர், இளம் வயதில் இஸ்லாத்தை ஏற்றவர், பின்னாளில் வட அமெரிக்க முஸ்லிம்களின் பெரிய சங்கம் ஒன்றுக்கு முதல் பெண் தலைவரானவர். அவர் உருவாக்கிய படிப்பில் ஒரு பக்கம் திருமறை, நபிமொழி, சட்டம், வரலாறு. மறு பக்கம் ஆற்றுப்படுத்துதல், துக்கத்தின் போக்கு, பிற சமயத்தாரோடு பழகும் முறை, பிறகு பாய்சன் வழியில் மருத்துவமனைப் பயிற்சி. அமெரிக்காவில் முஸ்லிம் சாப்ளின்களுக்கென முறையாக அங்கீகாரம் பெற்ற முதல் பட்டப்படிப்பு அது. முஸ்லிம்களை மதம் மாற்ற ஆள் தயாரித்த அதே இடத்தில், நூறு வருஷத்துக்குள், முஸ்லிம் நோயாளிக்குத் துணை நிற்க முஸ்லிம்களே பயிற்சி பெற்றார்கள். ஒரு கல்லூரியின் வாழ்வில் இதைவிடப் பெரிய திருப்பம் நான் படித்ததில்லை.

பெண்களுக்கும் இது ஒரு கதவைத் திறந்தது. பள்ளிவாசலில் ஆண்களுக்கு முன் நின்று தொழ வைப்பது அவர்கள் வேலையில்லை; பிரசவ வார்டிலோ புற்றுநோய் வார்டிலோ ஒரு முஸ்லிம் பெண்ணின் அருகே உட்காருவதற்கு அவர்களே பொருத்தம்.

பிரான்சின் கதை வேறு மாதிரி. அங்கே தொடக்கம் பல்கலைக்கழகத்தில் இல்லை, போர்க்களத்தில். முதல் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மற்ற காலனிகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம் ஊரிலிருந்தும் போனார்கள். கடற்கரைச் சாலையில் உள்ள நினைவுத்தூண் அதற்குச் சாட்சி. காயம்பட்ட முஸ்லிம் சிப்பாய்களுக்காகப் பாரிசுக்கு அருகே நொழான் சூர் மார்ன் என்ற ஊரின் வேளாண் தோட்டத்தில் மருத்துவமனை வைத்து, 1916இல் மரத்தாலேயே ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். அன்பு மட்டும் காரணமில்லை. முந்திய ஆண்டே ஜெர்மனி, பிடிபட்ட முஸ்லிம் கைதிகளுக்குப் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃபில் மரப் பள்ளிவாசல் கட்டி, ‘பார், நாங்கள்தான் உங்கள் நண்பர்கள்’ என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தது. பிரான்ஸ் சும்மா இருக்க முடியுமா? போர் முடிந்ததும் மரப் பள்ளிவாசலை மறந்துவிட்டார்கள். 1926இல் பாரிசில் பெரிய பள்ளிவாசல் வந்தது.

1935இல் பொபிஞி என்ற புறநகரில் பிரெஞ்சு முஸ்லிம் மருத்துவமனை என்று ஒன்றைத் திறந்தார்கள். வாசலில் மொராக்கோ பாணி வளைவு, இரண்டு வருஷத்தில் முஸ்லிம் இடுகாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரிஸ் வட்டாரத்து வட ஆப்பிரிக்கத் தொழிலாளிகளைக் கண்காணித்த காவல்துறைப் பிரிவோடு அது பிணைந்திருந்தது. நகர மருத்துவமனைகளிலிருந்து அவர்களை அங்கே ஒதுக்குவதும் ஒரு நோக்கம். ஒரே கை தலையணையையும் சரிசெய்தது, பதிவேட்டிலும் குறித்துக்கொண்டது. 1978இல் அந்த மருத்துவமனைக்கு இப்னு சினாவின் பெயரைச் சூட்டினார்கள், பிரெஞ்சில் அவிசென். பெயர் மாற்றம் பிழையைக் கழுவுமா என்பதை அங்கே படுத்திருந்தவர்களின் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

1905ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் சமயத்தையும் பிரித்தது என்று பள்ளியில் உருப்போட்டிருக்கிறோம். அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளம் தராது. ஆனால் அதே இரண்டாம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பள்ளி, மருத்துவமனை, புகலிடம், சிறை ஆகியவற்றில் ஓமோனியே சேவைக்கு அரசு செலவு செய்யலாம். கதவை அடைத்த சட்டமே, வெளியே வர முடியாதவனுக்காக ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. ஒரு குமாஸ்தாவாகச் சொல்கிறேன், நல்ல சட்டத்துக்கு அடையாளம் அதன் விதிவிலக்குகள்தான். ஆனால் அந்த ஜன்னல் வழியே முஸ்லிம் ஓமோனியே முறையாக ராணுவத்துக்குள் நுழைய 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படிப்பு இன்னும் தாமதம். இமாம்களுக்கும் ஓமோனியேக்களுக்கும் நாட்டின் சட்டமும் சமூகமும் கற்பிக்கப் பாரிசின் அரசுப் பல்கலைக்கழகங்கள் தயங்கியபோது, 2008இல் முன்வந்தது பாரிஸ் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனம். பெரிய பள்ளிவாசலின் மாணவர்கள் கத்தோலிக்கக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். 2015இல் பாரிசில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு அரசுக்குச் சிறைகளைப் பற்றிப் பயம் வந்தது. 2017இல் ஆணை போட்டார்கள்: சம்பளம் பெறும் ஓமோனியே எந்த மதமானாலும் குடிமை சார்ந்த பல்கலைக்கழகச் சான்று பெற்றிருக்க வேண்டும். எல்லா மதத்துக்கும் என்று எழுதியிருந்தாலும் யாரை நினைத்து எழுதியது என்பது வெளிப்படை. பயத்தால் பிறந்த படிப்பு பயத்தை வளர்க்கத்தானே செய்யும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “வகுப்புல உக்காந்தவங்க யாரும் பயத்துக்காக வரலை தாத்தா” என்றாள்.

ஸ்ட்ராஸ்பூர்கில் இன்னொரு வேடிக்கை. 1905இல் அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்ததால் பிரிவினைச் சட்டம் அங்கே செல்லாது. அரசுப் பல்கலைக்கழகத்திலேயே கத்தோலிக்க இறையியலுக்கும் புராட்டஸ்டண்டு இறையியலுக்கும் துறைகள் உண்டு. இஸ்லாமுக்கு அந்த இடம் கிடையாது. இஸ்லாமியவியல் என்று ஆய்வுத் துறையாகத்தான் படிக்கலாம். அவள் படித்தது அங்கேதான்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொன்னபோது காரைக்காலில் ஒரு பெரியவர் மறுத்தார். இஸ்லாத்தில் குருமார் இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இது கிறிஸ்தவர்களிடம் இரவல் வாங்கிய சட்டை என்றார். சட்டை இரவல் என்பது உண்மைதான். ஆனால் நோயாளியை நலம் விசாரிப்பதை நபி அவர்கள் ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் மேல் உள்ள உரிமைகளில் ஒன்றாக வைத்தார்கள் என்பதும், ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களுக்காகக் கேட்கப்படுவார் என்று சொன்னார்கள் என்பதும் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய பெரிய மருத்துவமனையில் ஏழை பணக்காரன் பேதமில்லாமல் பார்த்தார்கள். அதற்கும் முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தி, அபூ ஸைத் அல் பல்கீ என்ற அறிஞர் உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். கோபம், பயம், துக்கம், ஓயாத எண்ணம் ஒவ்வொன்றுக்கும் மருந்து சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா என்பது தெரியாது. வீட்டுக்குள் போய் எனக்கு டீ கொண்டுவந்தார்.

நண்பர் வீடு திரும்பினார். ஒன்றரை வருஷம் போல நன்றாக இருந்தார். பையோடுதான், ஆனால் தொழுதுகொண்டு. பிறகு காரைக்காலில் மவுத்தானார். ஜனாஸாவுக்குப் போயிருந்தேன். பேத்தியால் வர முடியவில்லை, இரவு போனில் பேசினாள். அழுதாள். அப்போது என்னால் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

சில வாரம் கழித்து இந்த வரிக்கு வரி எழுதும் பயிற்சியைப் பற்றி அவளிடம் விவரம் கேட்டேன். “நீங்கதான் எழுதுற ஆளாச்சே, நன்னாவோட ஆஸ்பத்திரியில ஒரு நாள் பேசினதை எழுதிப் பாருங்களேன்,” என்றாள். நினைவு எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் பேச்சு முழுசாக வந்தது. நீளத் தாளில், இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான் என்று கோடு போட்டு எழுதினேன். எழுதி முடித்து எண்ணினேன். வலப்பக்கம் முப்பத்தொரு வரி. இடப்பக்கம் ஆறு.

அந்த ஆறில் நான்காவது வரி இது: “ராத்திரியெல்லாம் தூக்கம் வரல முசியே. விடிகாலையில பாங்கு கேக்குது, முழிச்சிக்கிட்டே கெடக்குறேன்.”

அதற்கு நேராக வலப்பக்கம் நான் சொன்னது: “நர்சுகிட்ட சொல்லி ஒரு தூக்க மாத்திரை வாங்கிக்கிறதுதானே பாய்?”